சராசரி முப்பத்து நாலு சதவீதம்

சர்வர் அறை வேலையில் நல்ல நாள் என்றால் ஒன்றும் நடக்காத நாள்; அன்றைக்கு நாம் இருப்பதே யாருக்கும் தெரியாது. மற்ற நாட்களில் நம் போன் நம்பர் எல்லோருக்கும் மனப்பாடம். இந்தத் தொழிலில் கிடந்து அவதிப்பட்டவர்களுக்கு நான் புதிதாக எதையும் சொல்லப் போவதில்லை. "நான் பார்த்துவிட்டேன், என் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது" என்று ஒருமுறையாவது போனில் சொன்னவர்கள் எல்லோரும் என் இனத்தார். அவர்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் சர்வர் அறை விழுப்புரத்தில் ஒரு விதைக்கடையின் மாடியில் இருக்கிறது. அதில் ஒரே ஒரு பெரிய மெஷின். ஹோஸ்ட் என்போம். அதற்குள் பதினொரு விர்ச்சுவல் மெஷின்கள் குடியிருக்கின்றன. ஒரு கல்லூரிக்கு ஒன்று, ஒரு மண்டிக்கு ஒன்று, ஒரு ரத்தப் பரிசோதனை லேபுக்கு ஒன்று என்று பத்து வாடிக்கையாளர்களுக்குப் பத்து. பதினொன்றாவது என்னுடையது. தனக்கென்று தனி கம்ப்யூட்டர் ஓடுவதாக ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் மொட்டைமாடியில் ஒரே தொட்டி, கீழே பதினொரு குடித்தனம். ஒரு வீட்டில் குழாயை முழுதாகத் திறந்தால் அடுத்த வீட்டில் நூல் மாதிரி ஒழுகும். பிராசஸர் என்கிற அந்தத் தண்ணீரை யார் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை.

மாமனாரின் சந்தேகம்

பனமலையில் விவசாயம் பார்க்கும் என் மாமனார் ஒருமுறை, எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலைக்கு விதை வாங்க கீழே வந்தவர், மாப்பிள்ளை என்னதான் செய்கிறார் பார்ப்போம் என்று மாடியேறி வந்துவிட்டார். ஏசி குளிரில் துண்டைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து கால்மணி நேரம் திரையைப் பார்த்தார். பச்சைக் கோடு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. நான் பொறுப்பான முகத்துடன் பக்கத்தில் நின்றேன்.

அந்தக் கோடு ஏறினால் நான் என்ன செய்வேன் என்று கேட்டார். பார்ப்பேன் என்றேன். இறங்கினால்? அதையும் பார்ப்பேன் என்றேன். அவர் விதைப் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து, படியிறங்கும்போது சொன்னார்: "எவ்ளோ ஓடுதுன்னு அதுவே காட்டிக்கினு இருக்குது. நடுவுல நீங்க எதுக்கு மாப்ள?"

தினம் ஒரு தாள்

எங்கள் முதலாளி அன்சாரி பாய் கோட்டக்குப்பத்துக்காரர். இருபது வருஷம் வளைகுடாவில் ஒரு பெரிய கட்டடத்தின் ஏசி கண்ட்ரோல் ரூமில் இருந்தவர். அங்கே தினமும் காலையில் எந்த மெஷின் எப்படி ஓடியது என்று ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, மேனேஜர் மேஜையில் வைக்க வேண்டுமாம். அந்தப் பழக்கத்தை விழுப்புரத்திலும் ஆரம்பித்தார். தினமும் காலை ஒரு அறிக்கை. ஒரு வருஷத்துக் கணக்கிலிருந்து எடுத்த கலர் கலரான கிராஃப்கள். அடியில் என் கையெழுத்து. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் மெயிலில் போக வேண்டும்.

நானும் சளைக்கவில்லை. என் மெஷினில் ஒரு புரோகிராம் எழுதினேன். காலை ஒன்பதுக்கு வந்ததும் பட்டனைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போவேன். அது பத்து வாடிக்கையாளர்களின் ஒரு வருஷக் கணக்கையும் பிரித்துப் போட்டு, கூட்டி வகுத்து, நாற்பது படம் வரைந்து, பத்தரை மணிக்குத் தாளைத் துப்பும். "நேற்றைய சராசரி முப்பத்து நாலு சதவீதம். பழுது இல்லை" என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போடுவேன். தாளிலும் சரி, என் திரையிலும் சரி, பட்டியலில் பத்து மெஷின்தான் இருக்கும். பதினொன்றாவது யாருடையது என்று கேள்வி வரும் என்பதால் என்னுடையதை எடுத்துவிடச் சொல்லிவிட்டார் பாய். முதல் தாளைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "கஸ்டமருக்கு மெஷின் தெரியாது தம்பி. பேப்பர் தெரியும்."

திண்டிவனத்திலிருந்து போன்

அறிக்கை ஆரம்பித்து ஒரு வாரம் இருக்கும். திண்டிவனம் லேபிலிருந்து கலைச்செல்வி கூப்பிட்டார். ஒன்பது வருஷமாக அங்கே டெக்னீஷியன். காலை ஆறரைக்கே வெறும் வயிற்றோடு வந்து ரத்தம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒன்பதரைக்குள் ரிப்போர்ட் அடித்துக் கொடுக்க வேண்டும். அதை எடுத்துக்கொண்டுதான் அவர்கள் பெரிய டாக்டரிடம் போக முடியும். "ஒம்போது ஆச்சுன்னா ஸ்கிரீன் அப்படியே நிக்குது சார். ஒரு நம்பர் அடிச்சா அது வந்து உக்கார்றதுக்குள்ள நான் அடுத்த ஆளுக்கு ரத்தமே எடுத்துடலாம்" என்றார்.

நான் டீக்கடையில் இருந்தேன். அலுவலகம் வந்து தாளைப் பார்த்தேன். முப்பத்து நாலு. உங்கள் பக்கம் ஏதாவது இருக்கும் மேடம், கேபிளைப் பாருங்கள் என்றேன். மறுநாளும் கூப்பிட்டார். மறுநாளும் முப்பத்து நாலு. இரவெல்லாம் சும்மா கிடக்கிற மெஷினையும் காலையில் மூச்சு வாங்குகிற மெஷினையும் சேர்த்துக் கூட்டி வகுத்தால் என்றைக்கும் அந்த நம்பர்தான் வரும் என்பது எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் கையெழுத்துப் போட்டபிறகு ஒரு தாளைச் சந்தேகிப்பது கஷ்டம். நாலாம் நாள் கலைச்செல்வி குரலை உயர்த்தாமல் சொன்னார்: "உங்க பேப்பர்ல முப்பத்தி நாலு சார். என் எதிர்ல நாப்பது பேரு. நான் யார்கிட்ட எதை காட்டட்டும்?"

கொடுத்துக் கெடுத்தது

சரி, வாடிக்கையாளர் அழுகிறார், ஏதாவது கொடுப்போம் என்று லேபின் மெஷினுக்கு இரண்டாக இருந்த பிராசஸரை எட்டாக்கினேன். இந்தத் தப்பைச் செய்யாத ஆள் நம் தொழிலில் உண்டா? எட்டு கொடுத்தால் நாலு மடங்கு வேகம் வரும் என்று யாரும் நினைப்பார்கள். நெரிசலான ஹோஸ்டில் அது நேர்மாறு. எட்டு பேர் கொண்ட குடும்பம் எட்டு சீட்டும் சேர்ந்து கிடைத்தால்தான் டவுன் பஸ்ஸில் ஏறுவேன் என்று நிற்கிற கதை. இரண்டு பேர் எப்படியோ தொற்றிக்கொண்டு போய்விடுவார்கள். எட்டு பேர் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான்.

மறுநாள் ஒன்பதே காலுக்கு போன் வந்தது. நன்றி சொல்லக் கூப்பிடுகிறார் என்று நினைத்து எடுத்தேன். "சார், நேத்து என்னமோ குடுத்தீங்களே, அதை திருப்பி எடுத்துக்கோங்க. அது இல்லாதப்ப கொஞ்சம் நல்லா இருந்துச்சு."

மீன்தொட்டி

ஒருநாள் டீயைத் தியாகம் செய்துவிட்டுத் திரை முன்னாலேயே உட்கார்ந்தேன். ஒன்பதரைக்கு ஹோஸ்ட் தொண்ணூற்று ஒன்பதில் நின்றது. எனக்கே திக்கென்றது. பட்டியலில் மேலே இருந்தது விழுப்புரத்துக் கல்லூரியின் மெஷின். பைக்கை எடுத்துக்கொண்டு நேராகப் போனேன். அலுவலகக் கண்காணிப்பாளரின் திரையில் ஸ்கிரீன்சேவராகக் கலர் மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. நீர்க்குமிழி, பாசி, நடுவில் ஒரு சின்னக் கோட்டை எல்லாம் இருந்தது. எங்கள் ஹோஸ்டில் படம் வரையத் தனி கார்டு கிடையாது. அவருடைய ஒவ்வொரு மீனின் ஒவ்வொரு வாலாட்டலையும் திண்டிவனத்து நோயாளிகளுக்குப் போக வேண்டிய பிராசஸர்தான் வரைந்துகொண்டிருந்தது.

மீன்களை நிறுத்தினேன். ஐந்து சதவீதம் மிச்சமானது, ஐந்தே நிமிடத்தில் அதையும் யாரோ விழுங்கிவிட்டார்கள். கண்காணிப்பாளருக்கு மட்டும் மனசே இல்லை: "மெஷினு சும்மாதானே கெடக்குது, மீனாவது ஓடட்டும்னு வுட்டேன். அதுவும் பொறுக்கல உங்களுக்கு."

மண்டிக்காரரின் பெருந்தன்மை

அடுத்த சந்தேகம் திண்டிவனத்து மண்டி. மல்லாட்டை வரத்து அதிகமாக இருந்த நேரம். ஒன்பது மணிக்கு அவர்கள் முந்தைய நாளின் மூட்டைக் கணக்கை ஓட்டுவார்கள். பதினொன்றுக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டேன். லேபில் ஜனங்கள் காத்திருக்கிறார்கள் என்றதும் மண்டிக்காரர் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். மூன்று நாள், கணக்கு முடியும்வரை லாரிகளை நிறுத்திவைத்தார். லேபில் ஒரு முன்னேற்றமும் இல்லை. நாலாம் நாள் அவரே கூப்பிட்டார்: "எனக்கு சுகரு அங்கதான் பாத்தேன், ரிப்போர்ட்டு அப்பவும் லேட்டுதான். நீங்க என்னை ஒம்போதுக்கே வுட்டுடுங்க சார், டிரைவருங்க பேஜாரு பண்றானுங்க."

ஃபைல்

இரண்டு மாதம் இப்படியே ஓடியது. ஒருநாள் கலைச்செல்வி கூப்பிட்டு, இனிமேல் தொந்தரவு செய்யமாட்டேன் என்றார். ரிப்போர்ட் தாமதமாகிறதென்று ஒன்றாம் தேதியிலிருந்து அவரைக் கிளியனூரில் உள்ள கலெக்ஷன் சென்டருக்கு மாற்றுகிறார்களாம். அங்கே பரிசோதனை கிடையாது. ரத்தம் எடுத்து டியூப்பில் பேர் ஒட்டி அனுப்புவதோடு சரி. படித்து முடித்துவிட்டு முதல் வேலைக்கு வருகிறவர்களை உட்காரவைக்கிற இடம். திண்டிவனத்தில் அவர் நாற்காலிக்கு வேறு ஆள் பார்த்தாகிவிட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. லேபை நடத்தும் டாக்டரம்மாவுக்கு போன் செய்து, அவர் மேல் தப்பிருக்காது, இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். டாக்டரம்மா கோபக்காரர் இல்லை, காகிதத்தை நம்புகிறவர். நான் அனுப்பிய தாள்களை எல்லாம் பிரிண்ட் எடுத்து வரிசையாக ஃபைலில் கோத்து வைத்திருந்தார். புரட்டும் சத்தம் போனில் கேட்டது. "சர்வர்ல பழுது இல்லன்னு தினமும் நீங்கதான் கையெழுத்து போட்டு அனுப்பறீங்க. மெஷின்ல பழுது இல்லன்னா அப்புறம் யார்கிட்ட இருக்கும், நீங்களே சொல்லுங்க."

அன்றைக்கு மட்டும் தாளில் கையெழுத்துப் போடக் கை வரவில்லை. போட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தாமதமாகப் போன நாள்

மாதம் முடிய நாலு நாள் இருந்தது. மகனின் பள்ளியில் கூப்பிட்டிருந்தார்கள். அவன் கணக்கில் ஏன் இப்படி வாங்குகிறான் என்று அவர்கள் என்னைக் கேட்க, நான் அவர்களைக் கேட்க, அங்கேயே பத்து மணி ஆகிவிட்டது. ஷேர் ஆட்டோ பிடித்து அலுவலகம் வந்தபோது பத்தே கால். வழியெல்லாம் போனைப் பார்த்தேன். திண்டிவனத்திலிருந்து அழைப்பே இல்லை. மனம் வெறுத்துப் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டு, வழக்கம்போல் பட்டனைத் தட்டினேன். நேரமாகிவிட்டதால் டீக்குப் போகவில்லை.

ஐந்து நிமிடத்தில் போன். கலைச்செல்விதான். தொந்தரவு செய்யமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கூப்பிடுவதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பேசினார். நான் திரையைப் பார்த்தேன். ஹோஸ்ட் தொண்ணூற்று ஒன்பது. முதல்முறையாகப் பட்டியலில் இருந்த பத்து மெஷின்களையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கூட்டினேன். ஐம்பது கூட வரவில்லை. மீதிப் பாதியைத் தின்கிறவன் பட்டியலில் இல்லை. அறிக்கை ஜல்தியாக முடியட்டும் என்று என் மெஷினுக்கு எல்லோரையும்விட அதிகப் பிராசஸரும் முதல் உரிமையும் நானே கொடுத்திருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இரண்டு மாதமாக, யாருக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது என்று அளக்க, பெரிய குழாயைத் திறந்துவிட்டவன் நான்தான். எதையும் மனதில் வைத்துக்கொள்ளாமல் போனில் கலைச்செல்வி கேட்டார்: "காலையிலேர்ந்து நல்லாதான் ஓடிக்கினு இருந்துச்சு சார். இப்பதான் ஆபீஸ் வந்தீங்களா?"

பாய் சொன்ன தீர்ப்பு

அறிக்கையைப் பாதியில் நிறுத்தினேன். திண்டிவனத்தில் திரை அசைந்தது என்றார் கலைச்செல்வி. மறுபடி ஓடவிட்டேன், நின்றது. இப்படி மூன்று தடவை செய்துபார்த்து உறுதி செய்துகொண்டு, அன்சாரி பாயிடம் போய்ச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு, அறிக்கையை மத்தியானத்துக்கு மாற்றிவிடு, லேபில் கேபிள் பழுது என்று சொல்லிவிடு, யாருக்குத் தெரியப் போகிறது என்றார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன் என்பதை இங்கே மறைப்பதில் பிரயோஜனம் இல்லை. கேபிள் பழுது என்றால் எனக்கும் நல்லது, பாய்க்கும் நல்லது.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. இப்போது வேகம் வந்துவிட்டால், ஒன்றாம் தேதி புதிதாக வந்து உட்காரும் பெண்ணின் சுறுசுறுப்பு என்றுதான் டாக்டரம்மா எடுத்துக்கொள்வார். மெஷினில் பழுதில்லை என்று ஃபைல் முழுக்க என் கையெழுத்து. பழையவர் மந்தம், புதியவர் கெட்டிக்காரர் என்பது எங்கள் செலவில் நிரூபணமாகிவிடும். இதைச் சொன்னேன். பாய் மதியத்து லுஹர் தொழுகைக்கு எழுந்து போனார். திரும்பி வந்தவர் தொப்பியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "கையெழுத்து உன்னுதுதானே, நீயே போய் சொல்லிட்டு வா. பஸ்ல போ தம்பி, வண்டி எனக்கு வேணும்."

கடைசித் தாள்

அன்று சாயந்திரமே திண்டிவனம் போனேன். பஸ்ஸில் மடியில் வைத்து ஒரு தாள் எழுதினேன். கிராஃப் இல்லை, கலர் இல்லை. இரண்டு மாதமாக காலை ஒன்பதிலிருந்து பத்தரை வரை லேபின் மெஷின் நின்றதற்குக் காரணம் எங்கள் அறிக்கை, அதை எழுதியவன் நான், டெக்னீஷியன் மேல் குற்றமில்லை என்று மூன்று வரி. பஸ் குலுங்கியதில் கையெழுத்து கோணலாக விழுந்தது. டாக்டரம்மா அதை இரண்டு முறை படித்தார். இதுவும் முப்பத்து நாலு மாதிரிதானா என்று கேட்டார். நாளைக் காலை ஒன்பதுக்கு நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள் என்றேன். மறுநாள் பார்த்தார். ஒன்பது இருபதுக்கு நாற்பது ரிப்போர்ட்டும் வெளியே வந்துவிட்டன. கிளியனூர் மாற்றம் அன்றே ரத்தானது. புதிதாக வரவிருந்த பெண் கிளியனூருக்குப் போனார்.

முதல்நாள் சாயந்திரம் நான் போனபோது கலைச்செல்வி லேபில் இல்லை. ஐந்தரைக்கெல்லாம் கிளம்பிவிடுகிறார் என்றார்கள். மறுநாள் மதியம் போனில் பிடித்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி, மன்னித்துவிடுங்கள் மேடம் என்றேன். வெட்கமாக இருந்தது. ஏதாவது திட்டினால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தேன். அவர் சொன்னது வேறு: "என் கைதான் ஸ்லோன்னு நானே நம்பிட்டேன் சார். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்ல சேந்து தினம் சாயந்திரம் போய்க்கினு இருக்கேன், கூட உக்கார்றது எல்லாம் பத்தாவது படிக்கிற பசங்க. நிமிஷத்துக்கு முப்பது வார்த்தை, லோயர் பரீட்சைக்கு பணம் கட்டியாச்சு, இனிமே நிறுத்த முடியாது, எழுதிட்டே வந்துடறேன்."

எத்தனையோ கிராஃப் போட்டும், கையெழுத்து வைத்தும், அந்த இரண்டு மாதக் கண்காணிப்பில் நான் உண்மையாகவே வேகப்படுத்தியது நிமிடத்துக்கு முப்பது வார்த்தை அடிக்கும் ஒரு ஜோடிக் கைகளைத்தான்.